விஜயநகர வேந்தர் கிருஷ்ண தேவராயர்

அரியணையில் அமர்தல் ஒன்று. அவ்வரியணைக்கு உரியவர் இவரே எனக் குடிகள் நெஞ்சார ஏற்கும் வண்ணம் வாழ்தல் மற்றொன்று. முன்னையது பிறப்பினாலோ, படை வலியினாலோ, சூழ்ச்சியினாலோ ஒரே நாளில் கைகூடிவிடும். பின்னையது பல்லாண்டு உழைப்பின் பயனாகவே வாய்ப்பதாகும். உரிமை ஐயத்திற்கு இடமாயிருந்த ஓர் அரியணையில் ஏறி, இருபது ஆண்டுகள் செங்கோல் செலுத்தி, தென்னாடு முழுவதும் போற்றும் பெருவேந்தராய் விளங்கியவர் கிருஷ்ண தேவராயர்.

இவரைத் தெனாலிராமன் கதைகளில் சிறுவயது முதலே கேட்டறிந்திருக்கின்றோம். அக்கதைகளில் இவர் நகைச்சுவையில் திளைக்கும் மன்னராகவும், அப்பாஜி என்பார் அவருக்கு அறிவுரை கூறும் அமைச்சராகவும் வருவர். கதைகள் கற்பனை கலந்தவை. இவ்விருவருடைய உண்மை வரலாறோ கதையினும் வியப்புடையது. முடிவில் கண்ணீரை வருவிப்பதும் ஆகும்.

அரியணையின் முன்வரலாறு

துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில் 1336-ஆம் ஆண்டில் அரிகரர், புக்கர் என்னும் உடன்பிறந்தாரால் தோற்றுவிக்கப்பட்டது விஜயநகரப் பேரரசு. அவர்தம் மரபு சங்கம மரபு எனப்படும். ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னர் அம்மரபினர் வலிகுன்றினர். நாடு சிதறுண்டு போகும் நிலை கண்ட சாளுவ நரசிம்மர் என்னும் தலைவர், 1485-ஆம் ஆண்டில் அரியணையைத் தாமே கைக்கொண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஏழாம் ஹென்றி என்பார் போர்க்களத்தில் மூன்றாம் ரிச்சர்டை வென்று முடி கவர்ந்தார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. அக்காலத்தில் உலகின் பல பகுதிகளிலும் மணிமுடி வாளின் முனையிலேயே தங்கியிருந்தது.

சாளுவ நரசிம்மர் 1491-ஆம் ஆண்டில் இறந்தபொழுது அவர் மக்கள் இளையராயிருந்தனர். அவர்களைக் காக்கும் பொறுப்புத் தானைத் தலைவராகிய நரச நாயக்கரிடம் ஒப்புவிக்கப்பட்டது. இளவரசர் பெயரால் ஆட்சி நடந்ததேயன்றி, அதிகாரம் முழுவதும் நரச நாயக்கர் கையிலேயே இருந்தது. அவர் 1503-ஆம் ஆண்டில் மறைந்தபின் அவருடைய மூத்த மகன் வீர நரசிம்மர் அப்பொறுப்பை ஏற்றார். 1505-ஆம் ஆண்டில் சாளுவ இளவரசர் கொலையுண்டார். வீர நரசிம்மர் தாமே அரசரானார். இங்ஙனம் துளுவ மரபு அரியணை ஏறியது. இருபது ஆண்டுகளுக்குள் இருமுறை கைமாறிய அவ்வரியணையை மதியாத தலைவர்கள் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தனர். வீர நரசிம்மருடைய ஆட்சிக்காலம் அக்கலகங்களை அடக்குவதிலேயே கழிந்தது.

கண்களைக் காத்த அமைச்சர்

கிருஷ்ண தேவராயர் நரச நாயக்கருக்கும் நாகலா தேவிக்கும் பிறந்தவர். வீர நரசிம்மருக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. அமைச்சர் சாளுவ திம்மரசர் இவருடைய அறிவையும் ஆற்றலையும் நன்குணர்ந்திருந்தார். கதைகளில் வரும் அப்பாஜி இவரேயாவர். அப்பாஜி என்பது தந்தையென்னும் பொருள்பட வழங்கும் அன்புப் பெயர்.

1509-ஆம் ஆண்டில் வீர நரசிம்மர் நோய்வாய்ப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தார். அவருக்குச் சிறுவயது மகன் ஒருவன் இருந்தான். தமக்குப் பின் அவனே அரசாளவேண்டும் என்று விரும்பிய அவர், தம்பியால் அதற்கு இடையூறு நேரும் என அஞ்சினார். எனவே, திம்மரசரை அழைத்து, தம்பியின் கண்களைப் பறித்துக் கொணருமாறு ஆணையிட்டார். திம்மரசர் இளவரசரை மறைவிடத்தில் காத்துவைத்து, ஓர் ஆட்டின் கண்களைக் கொணர்ந்து காட்டி, அரசரை நம்பச் செய்தார். அரசர் இறந்தார், இளவரசர் முடிசூடினார். ஏறத்தாழ 1535-ஆம் ஆண்டில் விஜயநகரத்தில் வாழ்ந்த நூனிஸ் என்னும் போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் எழுதிவைத்த செய்தி இது. கேள்விச் செய்தியாகலின் இதனை முற்றும் மெய்யெனக் கொள்ளுதல் இயலாது. எனினும், கிருஷ்ண தேவராயர் அரியணை ஏறியதில் போட்டியும் அச்சமும் கலந்திருந்தன என்று அந்நாளைய மக்கள் கருதினர் என்பது இதனால் புலப்படும்.

புதிய மன்னர் முதலில் செய்த செயலும் இதனையே வலியுறுத்துகின்றது. அண்ணன் மகனையும் தம் உடன்பிறந்தார் மூவரையும் சந்திரகிரிக் கோட்டைக்கு அனுப்பி, ஆங்கே காவலில் இருக்குமாறு செய்தார் என்று நூனிஸ் குறிக்கின்றார். அவர்களைக் கொல்லாது விட்டமை அக்கால வழக்கை நோக்க ஒரு நன்மையே. ஆயினும், தம் குருதியுறவினரைக் கண்டே அஞ்சவேண்டிய நிலையில் அவர் ஆட்சி தொடங்கிற்று.

முடிசூட்டு விழாவின் நினைவாக அவர் தலைநகராகிய ஹம்பியில் விரூபாட்சர் திருக்கோயிலில் மண்டபம் ஒன்று எழுப்பினார். அங்குள்ள 1510-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அச்செய்தியை இன்றும் தெரிவிக்கின்றது.

உம்மத்தூர்ப் போர்

கோபிசெட்டிபாளையத்தினின்று சத்தியமங்கலம் சென்று, திம்பம் மலைப்பாதையில் ஏறி அப்பால் நடந்தால், மைசூர் மேட்டுநிலத்தில் சாமராஜநகரை அடையலாம். அதனையடுத்த சிற்றூரே உம்மத்தூர். இன்று அமைதியாக விளங்கும் அவ்வூர், அந்நாளில் வலிய தலைவர்களின் இருப்பிடமாயிருந்தது. அவர்களுடைய ஆணை மலையிறங்கி வந்து, நம் கொங்கு நாட்டின் சில பகுதிகளிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. கல்வெட்டுகள் இதற்குச் சான்று பகர்கின்றன.

வீர நரசிம்மர் காலத்திலேயே கிளர்ச்சி செய்த உம்மத்தூர்த் தலைவர் கங்கராஜரைக் கிருஷ்ண தேவராயர் எதிர்த்துச் சென்றார். காவிரி இரு கிளையாகப் பிரிந்து அருவிகளாய் வீழும் சிவசமுத்திரத் தீவே கங்கராஜருடைய அரணாக விளங்கிற்று. விஜயநகரப் படை அதனை நீண்டநாள் முற்றுகையிட்டது. இறுதியில் அரண் வீழ்ந்தது. தப்பியோட முயன்ற கங்கராஜர் காவிரியில் மூழ்கி இறந்தார். 1512-ஆம் ஆண்டளவில் அந்நாடு முழுவதும் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டது. சீரங்கப்பட்டணம் அதற்குத் தலைமை இடமாயிற்று. அரசுரிமையில் ஐயங்கொண்டு தலையெடுத்த சிற்றரசர்களுக்கெல்லாம் இவ்வெற்றி ஓர் எச்சரிக்கையாக அமைந்தது.

வடதிசை வெற்றிகள்

அடுத்து அவர் நோக்கம் கலிங்க நாட்டின்மேற் சென்றது. அந்நாட்டை ஆண்ட கஜபதி பிரதாபருத்திரர், விஜயநகரத்திற்கு உரியனவாயிருந்த கிழக்குக் கடற்கரைக் கோட்டைகளைத் தம் கைவசம் வைத்திருந்தார். கிருஷ்ண தேவராயர் 1513-ஆம் ஆண்டில் உதயகிரியை முற்றுகையிட்டார். செங்குத்தான மலைமேல் அமைந்த அக்கோட்டை அடுத்த ஆண்டிலேயே வசப்பட்டது. அங்கிருந்து கொணர்ந்த பாலகிருஷ்ணர் திருவுருவத்திற்குத் தலைநகரில் அழகிய கோயில் ஒன்று எழுந்தது. 1515-ஆம் ஆண்டில் கொண்டவீடு வீழ்ந்தது. பின்னர்ப் படைகள் கிருஷ்ணை ஆற்றைக் கடந்து சிம்மாசலம் வரை சென்றன.

கஜபதி அமைதி வேண்டினார். தம் மகளையும் மணம் செய்து கொடுத்தார். கிருஷ்ண தேவராயர் கிருஷ்ணை ஆற்றிற்கு வடக்கே தாம் வென்ற நிலங்களை அவருக்கே திருப்பி அளித்தார். வென்றதனைத்தையும் வைத்துக்கொள்ளாது, காக்கத்தக்க எல்லை இதுவென அறிந்து நின்றமை, அவர்தம் அரசியல் அறிவைக் காட்டுகின்றது.

கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்டது இராய்ச்சூர் நிலப்பகுதி. வளமிக்க அப்பகுதிக்காக விஜயநகர வேந்தரும் தக்காணத்துச் சுல்தான்களும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டு வந்தனர். 1520-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், பீஜப்பூர் மன்னர் இஸ்மாயில் அடில்ஷாவின் படையோடு அங்கே பெரும்போர் நிகழ்ந்தது. பகைவருடைய பீரங்கிகள் முழங்கியபொழுது விஜயநகரத்தின் முன்னணிப் படை குலைந்தது. அந்நிலையில் மன்னரே குதிரைமீது முன்சென்று, சிதறிய வீரர்களை ஒன்றுகூட்டி, போரின் போக்கை மாற்றினார். தோற்றோடியவர்கள் ஆற்றில் வீழ்ந்து மடிவதைக் கண்டு இரங்கி, மேலும் துரத்தாதபடி தடுத்தார் என்றும் நூனிஸ் எழுதுகின்றார். பின்னர்க் கோட்டை வசப்பட்டபொழுது நகர மாந்தரின் உயிருக்கும் உடைமைக்கும் ஊறு நேராவண்ணம் ஆணையிட்டார். அக்கோட்டையை வெல்வதற்குப் போர்ச்சுகீசியத் துப்பாக்கி வீரர் சிலரும் துணைபுரிந்தனர்.

மன்னரின் நாள் ஒழுக்கம்

ஏறத்தாழ அவ்வாண்டிலேயே விஜயநகரத்தைக் கண்ட தோமிங்கோ பாயஸ் என்னும் மற்றொரு போர்ச்சுகீசியர், மன்னரை நேரிற்கண்டு குறிப்பு எழுதியுள்ளார். மன்னர் நடுத்தர உயரமும் சிவந்த மேனியும் சற்றே பருத்த உடலும் வாய்ந்தவர். முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன. நாடோறும் விடியுமுன்னரே எழுந்து நல்லெண்ணெய் பருகுவார்; உடல் முழுதும் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்; கனத்த மட்கலங்களைத் தூக்கிக் கைகளுக்குப் பயிற்சி அளிப்பார்; வாள் பயில்வார்; மல்லருடன் பொருவார்; பின்னர்க் குதிரை ஏறிப் புலருமளவும் உலவுவார். நீராடி இறைவனை வழிபட்ட பின்னரே அரசியற் பணியில் ஈடுபடுவார்.

அயல்நாட்டாரை அன்புடன் வரவேற்பவர், முகமலர்ச்சி உடையவர், நீதி தவறாதவர் என்று பாயஸ் இவரைப் பாராட்டுகின்றார். அதனோடு ஒரு குறையையும் மறையாது கூறுகின்றார்: மன்னர் திடீரென வெகுளுதல் உண்டு. இக்குறை பின்னாளில் எத்துணைத் துன்பத்தை விளைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நீர்ப்பணியும் குடியோம்பலும்

கொடிவேரி அணையாலும் காலிங்கராயன் வாய்க்காலாலும் பயன்பெற்றுவரும் நாட்டில் பிறந்த நமக்கு, நீர்ப்பணியின் சிறப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிருஷ்ண தேவராயர் தலைநகரையடுத்து இரு குன்றுகளுக்கிடையே பேரேரி ஒன்றை அமைத்தார். அப்பணியில் பதினையாயிரம் முதல் இருபதினாயிரம் மக்கள் வரை எறும்புகள் போல் திரண்டு உழைத்ததைப் பாயஸ் கண்டார். கல்வேலையில் வல்ல போர்ச்சுகீசியர் ஒருவரும் அதற்கு உதவினார். ஏரிநீர் பாயும் நிலங்களைத் திருத்திப் பயிரிடுவதற்காக, உழவர்களுக்கு 9 ஆண்டுகள் வரி நீக்கி அவற்றை மன்னர் அளித்தார் என்பது நூனிஸ் கூற்று. முதலில் குடி தழைத்தால் பின்னர் அரசின் வருவாய் தானே பெருகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தமிழ்நாட்டுத் திருக்கோயில்களுக்கு அவர் செய்த தொண்டு அளப்பரிது. சிம்மாசல வெற்றிக்குப் பின் சிதம்பரத்தின் வடக்குக் கோபுரத்தை எழுப்பினார். திருவண்ணாமலையில் ஆயிரக்கால் மண்டபம் அமைத்தார். வானளாவிய இராசகோபுரத்தைத் தொடங்கினார். அது பிற்காலத்தில் தஞ்சை நாயக்கரால் நிறைவெய்திற்று. திருமலைக்குப் பன்முறை சென்று வழிபட்டு, 1518-ஆம் ஆண்டில் அங்குள்ள விமானத்திற்குப் பொன் வேய்ந்தார். திருமலாதேவி, சின்னாதேவி என்னும் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் அவர் திருவுருவத்தை இன்றும் ஆங்குக் காணலாம். சோழ மண்டலத்துச் சிவாலயங்களும் திருமால் கோயில்களும் அரசுக்குச் செலுத்திவந்த வரியில் 10,000 பொன்னை 1517-ஆம் ஆண்டளவில் நீக்கினார். தாம் திருமாலடியாராயினும் சைவத்தையும் ஒப்பப் போற்றிய பெருந்தகைமை அவருக்குரியது.

புலமையும் புகழும்

மன்னர் புலவராகவும் விளங்கினார். ஆண்டாளின் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு தெலுங்கில் அவர் இயற்றிய ஆமுக்தமால்யதா என்னும் காவியம் தெலுங்கிலக்கியத்தின் மணிகளுள் ஒன்று. திருவில்லிபுத்தூரில் மலர் தொடுத்த தமிழ் நங்கையைத் தெலுங்கு வேந்தர் பாடினார் என்பது, மொழி எல்லைகளைக் கடந்தது அன்பு என்பதைக் காட்டுகின்றது. அந்நூலில் அரசியல் நெறிகளையும் அவர் விரித்துரைத்துள்ளார். ஏரிகளையும் வாய்க்கால்களையும் பெருக்குதல் வேந்தன் கடனென்பது அவற்றுள் ஒன்று. அல்லசானி பெத்தனர் முதலிய புலவர் எண்மர் அவரவையை அணிசெய்தனர் என்பது மரபு.

ஐரோப்பாவில் கலைகளும் கல்வியும் புத்துயிர் பெற்ற மறுமலர்ச்சிக் காலம் அது. கிருஷ்ண தேவராயர் முடிசூடிய 1509-ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி அரியணை ஏறினார். 1526-ஆம் ஆண்டில் தில்லியைக் கைப்பற்றிய பாபர் தம் நினைவுக் குறிப்புகளில், இந்திய நாட்டு இந்து மன்னருள் நிலப்பரப்பிலும் படைப்பெருக்கிலும் மிக்கவர் விஜயநகர வேந்தரே என்று குறித்துள்ளார். அரசுரிமை பற்றிய ஐயம் எல்லாம் இப்புகழொளியில் மறைந்தே போயிருந்தது.

தீர்ந்திலாத ஐயம்

குடிகளின் நெஞ்சில் மறைந்த ஐயம் மன்னருடைய நெஞ்சில் மறைந்திலது. தாம் அரியணை ஏறியபொழுது நேர்ந்த இடர் தம் மகனுக்கு நேரலாகாது என்று அவர் எண்ணினார். எனவே, தாம் உயிருடன் இருக்கும்பொழுதே, ஆறு வயது நிரம்பிய மகன் திருமலராயனுக்கு 1524-ஆம் ஆண்டில் முடிசூட்டி, தாம் அவனுக்கு அமைச்சராய் அமைந்தார். விழாக்கள் பல மாதங்கள் நடைபெற்றன. அவ்விழாக் காலத்திலேயே சிறுவன் நோயுற்று இறந்தான். அமைச்சர் திம்மரசரின் மகனே நஞ்சிட்டுக் கொன்றான் என்று மன்னர் நம்பினார்.

ஆற்றொணாத் துயரும் வெகுளியும் அவர் அறிவை மறைத்தன. தம்மை அரியணையில் ஏற்றிய திம்மரசரையும் அவர் மக்களையும் சிறையிலிட்டார். பின்னர் அவர்களுடைய கண்களைப் பறிக்கச் செய்தார் என்கின்றார் நூனிஸ். திம்மரசர் சிறையிலேயே இறந்தார். குற்றம் அவரைச் சார்ந்ததென்பதற்கு உறுதியான சான்று இன்றளவும் இல்லை. எந்தக் கண்கள் பறிபோகாமல் அவ்வமைச்சர் முன்னொருநாள் காத்தாரோ, அந்தக் கண்களுக்கு உரியவரே அவருடைய கண்களைப் பறித்தார் என்பதை எண்ணுங்கால் நம் உள்ளம் நடுங்குகின்றது. போர்க்களத்தில் புறங்காட்டி ஓடிய பகைவர்மாட்டு இரங்கிய வேந்தர், தந்தையென அழைத்த முதியவர்மாட்டு இரங்காது போயினார்.

மறைவும் பின்விளைவும்

மகனை இழந்த மன்னர் மனமுடைந்தார், நோயுற்றார். தமக்குப் பின் ஆளத்தக்கவர் யாவர் என ஆராய்ந்து, சந்திரகிரியில் காவலில் வைத்திருந்த தம்பி அச்சுத தேவராயரையே அரசுரிமைக்கு உரியவராகக் குறித்தார். யாரைக் கண்டு தொடக்கத்தில் அஞ்சினாரோ, அவரிடமே இறுதியில் நாட்டை ஒப்புவிக்க நேர்ந்தது. 1529-ஆம் ஆண்டில் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தவுடனே பழைய பூசல் மீண்டும் தலைதூக்கிற்று. மருமகனாகிய இராமராயர், மன்னருடைய கைக்குழந்தையை அரசனாக்க முனைந்தார். அச்சுதர் திருமலையில் முடிசூடிக்கொண்டு தலைநகருக்கு விரைந்தார். 1542-ஆம் ஆண்டில் அச்சுதர் இறந்தபின் அவர் மகன் கொலையுண்டார். இராமராயர் சதாசிவர் என்பாரைப் பெயரளவில் அரசராக்கித் தாமே ஆண்டார். 1565-ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் இராமராயர் வீழ்ந்தார், விஜயநகரம் பாழாயிற்று. தக்காணத்துச் சுல்தான்கள் ஒன்றுபட்டமை அத்தோல்விக்கு நேர்க் காரணமாகும். தலைமுறைதோறும் நிகழ்ந்த அரசுரிமைப் பூசல்கள் பேரரசின் வேரை முன்னரே அரித்திருந்தன என்பதும் மறுக்கவியலாது.

முடிவுரை

கிருஷ்ண தேவராயர் பிறப்புரிமையால் பெறாத பெருமையைத் தம் தாளாண்மையால் பெற்றார். கலகம் மலிந்த நாட்டில் அமைதியை நிலைநாட்டினார், ஏரி அகழ்ந்து உழவரை வாழ்வித்தார், கோயில் எடுத்தார், காவியம் இயற்றினார். ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அவர் எழுப்பிய கோபுரங்கள் தமிழ்நாட்டில் தலைநிமிர்ந்து நிற்கின்றன. மக்கள் ஒருவரை ஏற்றுக்கொள்வது அவர் செய்யும் நன்மையைக் கொண்டேயாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஐயமும் வெகுளியும் எத்துணைப் பெரியோரையும் வழுவச் செய்யும் என்பதையும் அவ்வாழ்வே உணர்த்துகின்றது. ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டவிடத்து, உசாவி உண்மை தெளிந்த பின்னரே முடிவு காணுதல் வேண்டும். துயரமும் சினமும் மிக்க வேளையில் தீர்ப்புக் கூறுவோர் தமக்கு நன்மை செய்தாரையும் இழப்பர். அரசுரிமையை வாளாலும் சூழ்ச்சியாலும் முடிவுசெய்த காலம் இன்று கழிந்தது. மக்களாட்சியில், ஆள்வோரைத் தெரிந்தெடுக்கும் உரிமை மக்களாகிய நம்மிடமே உள்ளது. அவ்வுரிமையைப் பெறவிருக்கும் மாணாக்கர், அம்மன்னரின் பெருமையை மதித்துப் போற்றி, அவருடைய பிழையினின்று பாடம் கற்றல் வேண்டும்.